ஓசிக் குடையும் காலிக் கன்டெய்னரும்

இந்த எபிசோடைக் குன்றத்தூரில் என் வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து பதிவு செய்கிறேன். நடுவில் ஏர் ஹார்ன் சத்தம் கேட்டால் மன்னிச்சுக்கோங்க. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவுட்டர் ரிங் ரோடு மொத்தமும் மைக்குக்குள் வந்துவிடும்.

அந்தச் சத்தமே இன்றைக்குப் பேசப்போகிற விஷயம்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று நம்மைச் சுற்றி இருக்கிற தொழிற்சாலைகளில் சீல் வைத்த பெட்டிகள் டிரெய்லரில் ஏறி எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ சென்னைத் துறைமுகத்துக்கோ போகின்றன. நான் பதினோரு வருஷமாக அந்தப் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்கிற வேலையில் இருக்கிறேன். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன். பெட்டி கப்பலில் ஏறுமா ஏறாதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்கே சரியாகப் புரியவில்லை. புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தூத்துக்குடி. வருஷம் 1906.

வ.உ.சி. கப்பல் ஓட்டினார் என்பது நமக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். செக்கிழுத்தார், சிறை சென்றார், பரீட்சைக்கு ஐந்து மார்க். ஆனால் அவர் என்ன வியாபாரம் செய்தார், எதிராளி என்ன செய்தான், ஏன் அந்தக் கம்பெனி மூடப்பட்டது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. கேம் தியரி படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நம் ஊரிலேயே கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது பயணிகளையும் சரக்கையும் ஏற்றிப் போனது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. வில்லியம் மெக்கின்னன் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையில் ஓட்டத் தொடங்கிய கம்பெனி வளர்ந்து இதுவானது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். இந்தியக் கரை முழுக்க, பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் அவர்கள் கொடிதான். அந்தக் கம்பெனிக்கு எதிராக 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல். வாடகைக்குக் கொடுத்தவர்கள் மேல் பி.ஐ. அழுத்தம் கொடுத்து அதை நிறுத்த வைத்தது. பிறகு சொந்தமாகவே இரண்டு கப்பல்கள் வந்தன: காலியா, லாவோ.

இப்போது ஆட்டம் ஆரம்பம். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசி எட்டணாவுக்குக் குறைத்தது. பி.ஐ. ஓசியிலேயே கூட்டிப் போகிறோம் என்றது. கூடவே ஒரு குடையும் இலவசம் என்று சொன்னதாகத் தூத்துக்குடியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் 1907இல் கொழும்புக்கு வேலைக்குப் போகிற ஒரு சாதாரண ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுதேசிக் கப்பல் பிழைத்தால் நல்லது என்று உங்களுக்குத் தெரியும். போட்டி இருக்கிற வரைக்கும்தான் டிக்கெட் மலிவாக இருக்கும், சுதேசி மூடினால் பி.ஐ. பழைய விலைக்கே போய்விடும், அதுவும் தெரியும். ஆனால் கப்பலில் ஆயிரம் பேர் போகிறார்கள். நீங்கள் ஒருத்தர் எட்டணா கொடுத்து சுதேசியில் ஏறினால் அது பிழைத்துவிடுமா? ஓசியில் ஏறினால் அதனால் மட்டும் மூடிவிடுமா? இரண்டும் இல்லை. உங்கள் ஒருத்தர் டிக்கெட் எதையும் மாற்றாது. ஆனால் எட்டணா உங்கள் பையில் நிற்கும், குடையும் கையில் இருக்கும். ஆக, மற்றவர்கள் எதில் ஏறினாலும் சரி, உங்களுக்கு லாபம் ஓசிக் கப்பலில்தான். எல்லோரும் இப்படியே நினைத்தால் காலியா நிஜமாகவே காலியாகத்தான் போகும். [சிரிப்பு] ஆமா, இந்த ஜோக்கை எடிட்டர் வெட்டச் சொன்னார், நான் விடவில்லை.

யாரும் துரோகி இல்லை, யாரும் முட்டாளும் இல்லை. ஒவ்வொருத்தரும் தனக்குச் சரியானதைச் செய்து, எல்லோருமாகச் சேர்ந்து நஷ்டப்படுகிறார்கள். கைதிகளின் இக்கட்டு என்று கேம் தியரியில் சொல்வது இதைத்தான். ஆட்கள் இரண்டுக்குப் பதில் ஆயிரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வ.உ.சி.க்கு இது தெரியாமல் இல்லை. கேம் தியரி என்ற பெயர் வருவதற்கு முன்னாலேயே அவர் செய்தது அந்தக் கணக்கை மாற்றுகிற வேலைதான். மேடைப் பேச்சு, சத்தியப் பிரமாணம், வியாபாரிகளிடம் உறுதிமொழி எல்லாம் எதற்கு? ஓசியில் ஏறுகிறவனுக்கு எட்டணா மிச்சம், ஆனால் ஊரில் தலைகுனிவு என்று ஆக்குவதற்கு. அந்த ஊர் எவ்வளவு தூரம் போனது என்றால், 1908இல் கொந்தளிப்பான அந்த நாட்களில், எதிர்த்தரப்போடு நின்றவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று முடிதிருத்துகிறவர்களே மறுத்தார்கள். தண்டனை ஊருக்குள்ளிருந்தே வந்தது. பாதிச் சவரத்தில் எழுப்பிவிடப்பட்டவன் அடுத்த முறை எந்தக் கப்பலில் ஏறுவான் என்று யோசித்துப் பாருங்க.

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். பி.ஐ. ஏன் ஓசியில் ஓட்டியது? நிலக்கரிக்குக் காசு, ஆட்களுக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் உண்டு. தூத்துக்குடி–கொழும்பு என்ற ஒரே ஒரு தடத்தை மட்டும் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே சம்பாதித்திருக்கலாம்.

1978இல் ரைன்ஹார்ட் செல்ட்டன் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் இதே புதிரை எழுதினார். பின்னால் 1994இல் ஜான் நாஷ், ஹர்சானி இருவரோடும் சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர். அவர் எடுத்துக்கொண்டது கப்பல் இல்லை, கடை. ஒரு முதலாளிக்கு இருபது ஊரில் கடை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் பின் ஒருவராகப் புதுப் போட்டியாளர் வரலாம். கணக்குப்படி பார்த்தால் கடைசி ஊரில் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை, அதற்குப் பின்னால் பயமுறுத்த ஆள் கிடையாது. கடைசியில் சண்டை இல்லை என்றால் பத்தொன்பதாவதிலும் இல்லை. இப்படியே பின்னோக்கி வந்தால் முதல் ஊரிலும் சண்டை போடக் கூடாது. ஆனால் செல்ட்டனே சொல்கிறார், நான் அந்த முதலாளியாக இருந்தால் முதல் ஊரில் சண்டைதான் போடுவேன் என்ற பொருளில். ஏன்னா, மற்ற பத்தொன்பது ஊரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த ஆள் நஷ்டத்தைப் பார்க்காமல் அடிக்கிறவன் என்ற பெயர் கிடைத்துவிட்டால் மற்ற ஊரில் யாரும் கடையே திறக்க மாட்டார்கள். பேருக்கு அவ்வளவு விலை உண்டு என்பதை 1982இல் வேறு சிலர் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்.

பி.ஐ.யின் இருபது ஊர்களில் ஒன்று தூத்துக்குடி. அதே காலத்தில் சிட்டகாங்குக்கும் ரங்கூனுக்கும் இடையில் பெங்கால் ஸ்டீம் நேவிகேஷன் என்று உள்ளூர்க்காரர்கள் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அங்கேயும் கட்டணப் போர், அதுவும் நிலைக்கவில்லை. அதற்கும் இருபது வருஷம் முன்னால், 1884 வாக்கில், தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் வங்காளத்தில் குல்னா–பாரிசால் ஆற்றுத் தடத்தில் ஸ்டீமர் விட்டு ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதி, பயணிகளை ஓசியில் கூட்டிப் போகிற நிலைக்கு வந்து, திவாலானார். தூத்துக்குடியில் ஏற்கிற நஷ்டத்தை பி.ஐ. செலவாகப் பார்க்கவில்லை. கரை முழுக்க ஒட்டுகிற போஸ்டருக்கான காசாகப் பார்த்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆட்டத்தில் மூன்றாவது ஆள். நடுவர் மாதிரி நிற்க வேண்டிய அரசாங்கம் ஒரு பக்கம் சாய்ந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது. அடுத்த நாள் திருநெல்வேலியில் கலவரம். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, பின்னால் மேல்முறையீட்டில் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை, 1911இலேயே கலைத்துவிட்டார்கள். இந்தக் காலத்தை விரிவாகத் தெரிந்துகொள்ள ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதியவற்றைப் படியுங்கள். நான் மேலோட்டமாகத்தான் சொல்கிறேன்.

எதிராளியின் பை ஆழம் தெரிந்தால் பி.ஐ. என்ன செய்யும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. 1919இல் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி இருவரும் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷனைத் தொடங்கினார்கள். அவர்களுடைய லாயல்டி என்ற கப்பல் அந்த வருஷம் ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. நம் தேசியக் கடல்சார் தினம் அந்தத் தேதிதான். அவர்களையும் கட்டணத்தைக் குறைத்து அடித்தார்கள். சிந்தியா விழவில்லை. 1923இல் பி.ஐ. உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டது. இத்தனை டன்னுக்கு மேல் கப்பல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டி, நீயும் உள்ளே வா என்றது. சிந்தியாவுக்குப் பின்னால் பம்பாய் முதலாளிகளின் பணம் இருந்தது. வ.உ.சி.க்குப் பின்னால் 25 ரூபாய் பங்குகள் இருந்தன. வீரத்தில் வித்தியாசம் தேடாதீர்கள். எத்தனை மாதம் நஷ்டத்தைத் தாங்க முடியும் என்பதில் தேடுங்கள்.

"உள்ளே வா" என்றால் எங்கே உள்ளே? கப்பல் கம்பெனிகள் 1875இலேயே கல்கத்தா–இங்கிலாந்து தடத்தில் கூட்டாக விலை பேசி வைத்துக்கொள்ள ஒரு சங்கம் அமைத்தார்கள். கான்ஃபரன்ஸ் என்று பெயர். இந்த மாதிரி கூட்டணிக்கு எப்போதும் ஒரே பயம்தான்: நம்மில் ஒருத்தன் திருட்டுத்தனமாக விலையைக் குறைத்தால்? வெளியிலிருந்து ஒருத்தன் வந்தால்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வித்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொடுமையானது என்றாலும். சரக்கு அனுப்புகிறவருக்குக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, ஆனால் உடனே கிடையாது. ஆறு மாதம் எங்கள் கப்பலில் மட்டுமே அனுப்பியிருக்க வேண்டும், அதற்கடுத்த ஆறு மாதமும் விசுவாசமாக இருக்க வேண்டும், அப்புறம்தான் பணம் கையில் வரும். நடுவில் ஒரே ஒரு பெட்டியை வெளிக் கப்பலில் ஏற்றினால் சேர்ந்த பணம் மொத்தமும் போச்சு. நம்ம ஊர் நகைச்சீட்டுக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இப்போது கான்ஃபரன்ஸ் காலம் முடிந்துவிட்டது. ஐரோப்பா 2008 அக்டோபரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் வந்தவை கூட்டணிகள். விலையை ஒன்றாகப் பேசக் கூடாது, கப்பலில் இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மெர்ஸ்க்கும் எம்.எஸ்.சி.யும் 2015இல் சேர்ந்தார்கள், 2025 தொடக்கத்தில் பிரிந்தார்கள். இப்போது மெர்ஸ்க் ஹபாக்-லாய்டோடு ஜெமினி என்ற பெயரில் ஓட்டுகிறது. ஏன் சேர்ந்தார்கள்? ஆளாளுக்குப் பெரிய கப்பல் கட்டினார்கள். கப்பல் பெரிசானால் ஒரு பெட்டிக்கான செலவு குறையும், எனவே மற்றவன் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நான் கட்டுவதுதான் எனக்கு லாபம். எல்லோரும் கட்டியதும் கடலில் இடம் மிஞ்சி, கட்டணம் பாதாளத்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட் 31 அன்று கொரியாவின் ஹன்ஜின் திவால் மனு போட்டது. அதன் கப்பல்களைத் துறைமுகங்கள் உள்ளே விட மறுத்து, கோடிக்கணக்கான டாலர் சரக்கு நடுக்கடலில் நின்றது. அந்த ஓசிக் குடையை இந்த முறை கப்பல்காரர்களே ஒருத்தருக்கொருத்தர் நீட்டிக்கொண்டார்கள்.

சரி. இப்போது என் கதை.

2021. ஞாபகம் இருக்கும். 2019இல் உலகச் சராசரியாக ஒரு நாற்பதடிப் பெட்டிக்கு 1,500 டாலர் பக்கம் இருந்த ட்ரூரி குறியீடு, 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற பெட்டிக்குக் கிடைக்கிற காசு மற்ற எங்கேயும் கிடைக்காததால், காலிப் பெட்டிகளை அவசரமாகச் சீனாவுக்குத் திருப்பினார்கள். நமக்குப் பெட்டியும் இல்லை, கப்பலில் இடமும் இல்லை. புக்கிங் கன்ஃபர்ம் ஆகும், பெட்டி யார்டுக்குப் போகும், கட்-ஆஃப் அன்று சாயங்காலம் மெயில் வரும்: ரோல் ஓவர், அடுத்த கப்பல். அடுத்த கப்பலிலும் அதே கதை.

நான் அப்போது இந்தப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து பெட்டி எங்களுக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஃபார்வர்டரிடம் ஐந்து புக் பண்ணினேன், இன்னொருத்தரிடமும் ஐந்து புக் பண்ணினேன். எது முதலில் உறுதியாகிறதோ அதில் ஏற்றிவிட்டு, மிச்சத்தைக் கடைசி நாளில் கேன்சல். கேன்சலுக்கு அபராதம் இல்லை. மேலதிகாரிக்கு ஏக சந்தோஷம், அந்த வருஷம் எனக்கு நல்ல இன்க்ரிமென்ட் கூட.

நான் மட்டுமா? எல்லோரும் இதையே செய்தோம். கப்பல் லைன்காரர்களும் பைத்தியம் இல்லையே. நூறு புக்கிங் வந்தால் முப்பது வராது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் கொள்ளளவுக்கு மேலே முப்பது சேர்த்து ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் கூடுதலாக ஒத்துக்கொள்வதால் ரோல் ஓவர் அதிகமானது. ரோல் ஓவர் அதிகமானதால் நாங்கள் இன்னும் கூடுதலாக புக் பண்ணினோம். இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லி, இரண்டு பக்கமும் மற்றவன் சொல்வது பொய் என்று சரியாகவே கணித்து, யாருமே முதலில் நிறுத்த முடியாத இடத்தில் நின்றோம். இதற்குத்தான் நாஷ் சமநிலை என்று பெயர். சமநிலை என்றதும் நிம்மதியான ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். டிராஃபிக் ஜாமும் ஒரு சமநிலைதான்.

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி ரப்பர் பாகங்கள் செய்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். குடைக் கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவரே அவர்தான். மாசத்துக்கு ஒரே ஒரு பெட்டி, ஐரோப்பாவுக்கு. ஒரு பெட்டி இருந்தால் ஒரு புக்கிங், அதற்கு மேல் அவருக்குத் தோன்றாது. அந்த ஜூலையில் அவர் பெட்டி தொடர்ந்து மூன்று முறை ரோல் ஆனது. வாங்குகிறவர்கள் லைன் நிற்கும் என்று கத்தினார்கள். பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பினார். அந்த ஆறு மாச லாபம் அதிலேயே போனது. அடுத்த வருஷம் ஆர்டரும் பாதியாகக் குறைந்தது. பதினாலு பேர் வேலை பார்த்த இடத்தில் ஒன்பது பேர் ஆனார்கள்.

ரொம்ப நாள் கழித்து ஒரு நாள் டீக்கடையில் அவர் அந்தக் கப்பல் பெயரைச் சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை. அதே கப்பலில் நான் பத்து இடம் பிடித்து ஐந்தைக் கடைசி நாளில் விட்டிருந்தேன். அந்த ஐந்து இடத்தை நிரப்ப நேரம் இருந்ததோ இல்லையோ. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ என் பெட்டி இருக்க வேண்டிய எடத்துல உங்க காத்துதான் போச்சுதா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை.

அபராதம் இருந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன், அதுதான் உண்மை. மெர்ஸ்க் 2019இல் கொண்டுவந்த ஸ்பாட் என்ற முறையில், நாம் பெட்டியைக் கொண்டுவராவிட்டால் நாம் காசு கட்ட வேண்டும், அவர்கள் ஏற்றாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சொன்ன சொல்லுக்கு விலை. நல்ல மனசு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா புக்கிங்கும் அப்படி இல்லையே.

2022இல் அண்ணாச்சியும் எஸ்டேட்டில் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். நாலு பேர் பெட்டியையும் சேர்த்து ஒரே ஃபார்வர்டர் வழியாக ஒரு வருஷ ஒப்பந்தம். தனித்தனியாகப் போனால் ஃபோன்கூட எடுக்காதவர்கள், சேர்ந்து போனதும் நேரில் வந்து பேசினார்கள். காகித வேலை என்னுடையது, சம்பளம் இல்லாமல். அது என் பங்கு கடன்.

அந்த வருஷக் கடைசியில் சந்தைக் கட்டணம் சரிந்தது. 2023இல் வெளிச் சந்தை விலை எங்கள் ஒப்பந்த விலையில் பாதிகூட இல்லை. நாலு பேரில் ஒருத்தர் போய்விட்டார். சொல்லாமலே போனார், அவர் பெட்டி வராததை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். அவருடைய கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது, அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை குறைந்ததால் மற்ற மூன்று பேருக்கும் விலை ஏறியது, ஒப்பந்தம் கலைந்தது.

2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. கட்டணம் மறுபடியும் ஏறியது. 2024 தொடக்கத்தில் போன ஆள் திரும்பி வந்தார். சேர்ந்துக்கலாமா அண்ணாச்சி என்று.

ராபர்ட் ஆக்சல்ராட் என்பவர் கம்ப்யூட்டர் நிரல்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். இதே இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் எந்த உத்தி ஜெயிக்கும் என்று. ஜெயித்தது இருந்ததிலேயே சின்ன நிரல்: முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி போன தடவை என்ன செய்தானோ அதையே செய். ஏமாற்றினால் ஒரு தடவை திருப்பிக் கொடு, அவன் திருந்தினால் பழசை மறந்துவிடு. இதை நான் அண்ணாச்சியிடம் பெரிய விஷயம்போல விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அது கம்ப்யூட்டர் தம்பி. இவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு" என்றார்.

புது ஒப்பந்தத்தில் நாலு பேரும் முன்கூட்டியே ஒரு தொகைக்கு செக் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதினேன். நடுவில் போனால் அந்தப் பணம் மற்றவர்களுக்கு. கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அண்ணாச்சி அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வழியில எவனாச்சும் குடை குடுத்தா வாங்குவியாடே?"

"மழை பெஞ்சா வாங்குவேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கையெழுத்துப் போட்டாயிற்று. நாலு செக்கும் என் பீரோவில்தான் இருக்கின்றன.